கப்பலா, கரையா? முதல் குரூஸுக்குப் பணம் கட்டும் முன்

முதன்முறையாகச் சொகுசுக் கப்பலில் போக நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள்: "எந்தக் கப்பல் நல்லா இருக்கும்?" டிராவல்ஸ்காரரிடம் கேட்கிறார்கள், போய்வந்த சம்பந்தியிடம் கேட்கிறார்கள், ராத்திரியெல்லாம் யூடியூபில் பார்க்கிறார்கள். பதில் உடனே கிடைத்துவிடுகிறது. சம்பந்தி போனது ஒரே ஒரு கப்பலில்தான். அவ்வளவு செலவழித்துப் போன கப்பலை யாரும் குறை சொல்வதில்லை. என் கருத்தில் இது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. நாம் கப்பலுக்காகப் போகிறோமா, அது நிற்கும் ஊர்களுக்காகப் போகிறோமா என்பது முதல் கேள்வி. எந்த மாதத்தில், எந்தக் கடலில் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் மனசாட்சியோடு விடை சொல்லிவிட்டால் கப்பல் பெயர்கள் தாமாகவே இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். அறை, கட்டணம், முகவர், விசா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடல் தமிழர்களுக்குப் புதிதல்ல என்று சொல்லி இந்த இடத்தில் சோழர்களை இழுப்பது வழக்கம். தேவையில்லை, நம் தாத்தாக்கள் காலமே போதும். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் தடத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களுக்குப் போய்ச் சேரும் ஊர்தான் பயணம்; கப்பல் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. பின்னால் வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1984இல் தீ விபத்துக்குள்ளானது, அந்தத் தடமும் அதோடு முடிந்தது. பயணிகளை விமானம் எடுத்துக்கொண்டது. மேற்கில் இது முன்பே நடந்திருந்தது. அட்லாண்டிக்கைத் தாண்ட ஜெட் விமானம் வந்ததும் பெரிய பெரிய கப்பல்கள் ஆளில்லாமல் நின்றன. குளிர்காலத்தில் சும்மா கிடக்கும் கப்பலை உல்லாசப் பயணத்துக்கு அனுப்பும் யோசனையை ஜெர்மனியின் ஆல்பர்ட் பாலின் 1891இலேயே செய்து பார்த்துவிட்டார். அதைப் பெருந்தொழிலாக்கியவை 1966இல் மயாமியிலிருந்து கிளம்பிய 'சன்வார்ட்' கப்பலும், 1972இல் டெட் அரிசன் தொடங்கிய கார்னிவல் நிறுவனமும். ஆசியாவுக்கு அதைக் கொண்டுவந்தது 1993இல் பிறந்த ஸ்டார் குரூஸஸ். சிங்கப்பூர் டூர் போன நம்மூர்க் குடும்பங்கள் 'சூப்பர்ஸ்டார் விர்கோ'வின் மேல்தளத்தில் எடுத்துக்கொண்ட படங்கள் பல வீட்டு ஆல்பங்களில் இன்னும் இருக்கும். 2024இல் உலகெங்கும் குரூஸ் போனவர்கள் 3.46 கோடிப் பேர் என்கிறது இத்தொழிலின் சர்வதேசக் கூட்டமைப்பு.

இந்தப் பழங்கதைக்கும் நம் டிக்கெட்டுக்கும் தொடர்பு உண்டு. கப்பலையே ஊராக்கியவர்களுக்கு, நாம் கப்பலுக்குள் இருக்கும்போதுதான் வருமானம். துறைமுகத்தில் நிற்கும்போது சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடைகளும் பொதுவாகப் பூட்டியிருக்கும். கடல் எல்லையைத் தாண்டியதும் திறக்கும். கரையில் நாம் சாப்பிடும் சாப்பாடும் வாங்கும் சாமானும் கப்பல்காரருக்கு வராத காசு. ஆகவே காலையில் வந்து மாலையில் கிளம்புவது இந்தத் தொழிலின் இயல்பாகவே ஆகிவிட்டது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அட்டவணையிலேயே போட்டிருக்கிறார்கள். நாம்தான் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு நேரத்தைப் படிக்காமல் விடுகிறோம்.

காலை 8 மணிக்கு வருகை, மாலை 5 மணிக்குப் புறப்பாடு என்றால் ஒன்பது மணி நேரம் ஊர் சுற்றலாம் என்று தோன்றும். குடியேற்றச் சோதனை முடிந்து ஆயிரக்கணக்கானவர்களோடு வரிசையில் நின்று இறங்க ஒரு மணி நேரமாவது ஆகும். புறப்படுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணிக்கு முன்பே ஏறிவிட வேண்டும். கையில் மிஞ்சுவது ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்தில் என்ன செய்யலாம் என்பது துறைமுகம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா, குவீன் தெருவின் மாரியம்மன் கோவில், நாசி கண்டார் கடை எல்லாம் காலெட்டும் தூரம். விளம்பரத்தில் 'கோலாலம்பூர்' என்று போட்டிருக்கும் நிறுத்தமோ உண்மையில் போர்ட் கிளாங். அங்கிருந்து இரட்டைக் கோபுரத்தைப் பார்க்கப் பேருந்தில் ஒரு மணிக்கும் மேல், திரும்பவும் அவ்வளவு. 'பாங்காக்' என்றால் லேம் சபாங், போக மட்டும் இரண்டு மணி நேரம். 'ரோம்' என்றால் சிவிட்டவெக்கியா என்ற துறைமுகம், ரோமிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல நேரம் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். படகுக்கு வரிசை எண் உண்டு; அலை அதிகமாக இருந்தால் படகே கிடையாது. முழங்கால் வலியுள்ள பெரியவரைக் கூட்டிப் போகிறவர் இந்த ஒரு விவரத்தை மட்டுமாவது முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆக, ஊர் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் பரிந்துரை, குரூஸ் வேண்டாம் என்பதே. பினாங்கைப் பார்க்க வேண்டுமானால் பினாங்குக்கே விமானத்தில் போய் இரண்டு ராத்திரி தங்குவது நிறைவாகவும் இருக்கும், பல சமயம் மலிவாகவும் இருக்கும். கப்பல் யாருக்குப் பொருந்தும் என்றால், மூன்று தலைமுறை ஒன்றாகக் கிளம்பும் குடும்பத்துக்கு. பெட்டியை ஒரே தடவை பிரித்தால் போதும். வேளா வேளைக்குச் சாப்பாடு எங்கே என்று தேட வேண்டாம். பேரன் நீச்சல் குளத்தில் கிடக்கலாம், தாத்தா தளத்தில் நாற்காலி போட்டுக் கடலைப் பார்க்கலாம், நடுவில் இருப்பவர்கள் யாருக்கும் கார் பிடித்துக் கொடுக்காமல் தூங்கலாம். ஊர்ச் சுற்றுலாவில் இந்த மூவரும் ஒரே வேனில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது மாதமும் கடலும். மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்திரா, மறு பக்கம் மலேசியத் தீபகற்பம் என்று இரண்டு கரைகளுக்கு நடுவே அடங்கிக் கிடக்கிறது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் கப்பல்கள் பயணத்தின் பெரும்பகுதியை அந்த அணைப்பிலேயே ஓட்டுகின்றன. கடல் வயிற்றைப் புரட்டுமா என்று பயப்படுகிறவர்களுக்கு முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல தண்ணீர் நம் பக்கத்தில் இல்லை. வங்கக்கடல் அப்படியல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். அந்த மாதங்களில் சென்னைக்காரர்கள் கடலைப் பற்றி வேறு விதமாகத்தான் யோசிப்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலின் முறை. மும்பையிலிருந்து ஓடும் கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் அந்த மாதங்களில் கிழக்குக் கரைக்கு இடம் மாறுவதன் காரணம் இதுதான். 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையிலிருந்து அதன் பயணத்தைத் தொடங்கிவைத்தார். 2023 ஜூனில் திருகோணமலை, ஹம்பாந்தோட்டை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களும் சேர்ந்தன. தென்மேற்குக் காற்று வீசும்போது திருகோணமலைப் பக்கம் அமைதியாகவே இருக்கும். தெற்கே ஹம்பாந்தோட்டையை நெருங்க நெருங்க அலை கூடும். திருகோணமலையில் கோணேஸ்வரம், காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலை, நல்லூர் என்று இந்தத் தடம் ஒன்றில் மட்டும் ஊருக்காகப் போவது என்ற வாதத்துக்கும் கொஞ்சம் பலம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். விமான டிக்கெட் தேவையில்லை, சென்னைத் துறைமுகத்திலேயே ஏறலாம் என்பதும் சின்ன விஷயமல்ல.

இவை தவிர அதிகம் பேசப்படாத இரண்டு வழிகள் உண்டு. கொச்சியிலிருந்து லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு நடத்தும் 'சமுத்திரம்' என்ற ஐந்து நாள் தொகுப்பில், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறங்கிப் பவளப்பாறை பார்த்துவிட்டு ராத்திரி கப்பலில் தூங்கலாம். அது பயணிகள் கப்பல். பளபளப்பை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் கடலும் தீவும் எந்தச் சொகுசுக் கப்பல் தடத்துக்கும் குறைந்தவையல்ல. அனுமதிச் சீட்டு கட்டாயம், தென்மேற்குப் பருவத்தில் கிடையாது. இன்னொன்று, சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பல். ஏறத்தாழ மூன்று நாள் பயணம், திறந்த கடல். விடுமுறை என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் கடல் நமக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மலிவாகத் தெரிந்துகொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு அதைவிடக் கடுமையான தேர்வு இல்லை. மத்தியதரைக் கடல், அலாஸ்கா, நார்வே எல்லாம் முதல் பயணத்துக்கு வேண்டாம் என்பேன். விமானச் செலவும் விசாவும் சேரும்போது, பிடிக்காமல் போனால் இழப்பு பெரிது. சிங்கப்பூரிலிருந்து மூன்று அல்லது நான்கு ராத்திரி என்பது முதல் முறைக்குச் சரியான அளவு. இரண்டு ராத்திரிப் பயணத்தில் கப்பலின் வழி புரிவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது கப்பல். பெரியதா சின்னதா என்பதைவிட நெரிசலாக இருக்குமா என்பதே முக்கியம். அதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. கப்பலின் மொத்த டன் அளவை, அறைக்கு இருவர் என்ற கணக்கில் வரும் பயணிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இந்த டன் எடையல்ல, கப்பலுக்குள் இருக்கும் இடத்தின் அளவு. 1990இல் கட்டப்பட்டு முன்பு ராயல் கரீபியனிடம் இருந்த 'எம்ப்ரஸ்' 48,000 டன்னுக்குச் சற்று மேல், பயணிகள் சுமார் 1,600, ஆளுக்கு 30. சிங்கப்பூரிலிருந்து ஓடும் 'கென்டிங் ட்ரீம்' 1,50,000 டன், பயணிகள் சுமார் 3,350, ஆளுக்கு 45. ராயல் கரீபியன் பருவத்துக்குப் பருவம் சிங்கப்பூருக்கு மாற்றி அனுப்பும் குவாண்டம் வகைக் கப்பல்கள் சுமார் 1,68,000 டன், பயணிகள் 4,200 அளவில், ஆளுக்கு 40. ஆயிரம் பேர் அதிகமாக ஏறும் கப்பல் குறைந்த நெரிசலாக இருக்கலாம் என்பது இதிலிருந்து தெரியும். ஒரு திருத்தம்: பள்ளி விடுமுறையில் ஓர் அறையில் மூவர், நால்வர் தங்குவார்கள், அப்போது இந்த எண் எல்லாக் கப்பலிலும் விழும். மே மாதத்திலும் டிசம்பர் கடைசி வாரத்திலும் கட்டணமும் கூட்டமும் சேர்ந்து உச்சத்தில் இருக்கும். குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வயதில் இல்லாதவர்கள் அந்த வாரங்களில் போவது வீண் செலவு.

அறையைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கட்சி. ஜன்னலில்லாத உள் அறை, கண்ணாடி ஜன்னல் மட்டும் உள்ள கடல் பார்த்த அறை, பால்கனி அறை, அதற்கும் மேலே சூட். பால்கனியில் காபியோடு உட்கார்ந்து சூரிய உதயம் பார்ப்பதாகத்தான் எல்லா விளம்பரமும். மூன்று ராத்திரி மலாக்கா பயணத்தில் அந்த பால்கனியில் எத்தனை மணி நேரம் உண்மையில் உட்காருவோம்? வெயிலும் புழுக்கமும் காலை எட்டு மணிக்கே உள்ளே தள்ளிவிடும். பனிமலை பக்கவாட்டில் நகரும் அலாஸ்காவில் பால்கனிக்குக் காசு கொடுப்பதில் பொருள் உண்டு. இங்கே அந்தக் காசில் சிங்கப்பூரில் இன்னொரு நாள் தங்கலாம். அதே சமயம் உள் அறையில் விடிந்ததே தெரியாது. மூச்சு முட்டுவதுபோல் உணர்கிறவர்களுக்கும், ராத்திரி எழுந்து நடமாடும் முதியவர்களுக்கும் ஜன்னல் அறையே சரி.

வகையைவிட இடம் முக்கியம். கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம், இந்த இரண்டும் சேரும் இடத்தில் ஆட்டம் மிகக் குறைவு. மூக்கிலும் வாலிலும் உயரத்திலும் அதிகம். மேல்தளத்து பால்கனி சூட்டுக்கு அதிகப் பணம் கட்டி அதிக ஆட்டத்தை வாங்குகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் வரைபடம் இருக்கும். அதில் நம் அறைக்கு மேலே என்ன, கீழே என்ன என்று பார்க்க வேண்டும். மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல் குளத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே அரங்கம் என்றால் நள்ளிரவு வரை தாளம். சில ஜன்னல்களுக்கு நேர் எதிரே உயிர்காக்கும் படகு தொங்கும். அதற்கு விலையும் குறைவு, சொல்லிவிட்டுத்தான் விற்பார்கள். 'எந்த அறை என்பதை நாங்கள் முடிவு செய்வோம்' என்ற ஒப்புதலோடு விற்கும் அறைகளும் மலிவு. தம்பதியாகப் போகிறவர்கள் துணிந்து எடுக்கலாம். இரண்டு அறை எடுக்கும் குடும்பம் எடுத்தால், குழந்தைகள் ஒரு கோடியிலும் பெற்றோர் மறு கோடியிலும் போய் விழ வாய்ப்பு உண்டு. நால்வர் ஓர் அறையில் தங்குவது கட்டணத்தில் லாபம், ஏனென்றால் மூன்றாவது நான்காவது ஆளுக்குக் குறைவாகவே வாங்குவார்கள். ஆனால் சாதாரண அறை 150 முதல் 180 சதுர அடி, அதில் ஒரே குளியலறை, மேலே இருந்து இறக்கும் இரண்டு படுக்கைகள். தனியாகப் போகிறவருக்கு நேர்மாறான அநியாயம்: பல கப்பல்களில் ஏறத்தாழ இரண்டு பேர் கட்டணம்.

கட்டணம் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது கல்யாண மண்டப வாடகை மாதிரி. மண்டபத்துக்கு ஒரு தொகை சொல்வார்கள். கரண்ட், ஜெனரேட்டர், துப்புரவு, பாத்திரம் எல்லாம் தனி என்பது கணக்கு முடிக்கும்போதுதான் தெரியும். அந்த எண், இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கானது; மிக மலிவான உள் அறைக்கானது; மிக மலிவான தேதிக்கானது. அதன்மேல் துறைமுகக் கட்டணமும் வரியும். குறுகிய பயணங்களில் இது அடிப்படைக் கட்டணத்தை எட்டிப் பிடிக்கும் அளவுக்கும் வரும். அதன்மேல் பணியாளர்களுக்கான அன்பளிப்பு என்ற பெயரில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகச் சேரும் தொகை. அமெரிக்க நிறுவனங்களில் இது 15 முதல் 20 டாலர் அளவில் இருக்கிறது. 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் குடும்பத்துக்கு நான்கு ராத்திரிக்கு 288 டாலர். சிறுவர்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். மது, குளிர்பானம், இணையம், சிறப்பு உணவகம், புகைப்படம், கரையில் ஊர் சுற்றல் எல்லாம் தனி. மது வரம்பில்லாமல் என்ற தொகுப்பை ஒருவர் வாங்கினால் அதே அறையில் இருக்கும் மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி; கணவர் குடிப்பார், மனைவி தொடமாட்டார் என்ற வீடுகளில் இது நேரான நஷ்டம். மலிவாக வரும் வழி எளிது: எந்தத் தொகுப்பும் வாங்காமல் ஏறுவது. பொது உணவகத்தில் மூன்று வேளையும், தண்ணீர், காபி, டீயும், அரங்க நிகழ்ச்சிகளும், குளமும் பொதுவாகக் கட்டணத்துக்குள் அடக்கம்.

இரண்டு கப்பல்களை ஒப்பிட ஒரே அளவுகோல், எல்லாம் சேர்ந்த தொகையை ராத்திரிகளாலும் தலைகளாலும் வகுப்பது. அந்த எண்ணைச் சிங்கப்பூரின் நடுத்தர ஹோட்டல் வாடகையோடும் மூன்று வேளைச் சாப்பாட்டோடும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குரூஸ் அவ்வளவு பெரிய ஆடம்பரம் இல்லை என்று பல சமயம் தோன்றும். சில சமயம் தோன்றாது.

யாரிடம் பதிவு செய்வது? முகவருக்குக் கமிஷன் கப்பல் நிறுவனம் தருகிறது, அதனால் நேராக எடுத்தாலும் முகவர் வழியாக எடுத்தாலும் விலை பெரும்பாலும் ஒன்றே. சென்னையின் பெரிய முகவர்கள் அறைகளை மொத்தமாக வாங்கி, விமானம், சிங்கப்பூரில் இரண்டு ராத்திரி, குரூஸ் என்று கட்டி விற்கிறார்கள். மொழி, சாப்பாடு, விசா எல்லாவற்றுக்கும் ஒருவர் கூடவே இருப்பார் என்பது முதியவர்களுக்குப் பெரிய தைரியம். ஆனால் அறை எந்தத் தளத்தில், எண் என்ன என்று கேட்டால் 'கப்பலில் ஏறும்போது தெரியும் சார்' என்பார்கள். முழுப் பணம் கட்டிய பிறகும் அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது. கப்பல் நிறுவனம் தரும் பதிவு எண்ணை வாங்கி, நிறுவனத்தின் இணையதளத்தில் நாமே போட்டுப் பார்க்க வேண்டும். பெயர், அறை வகை, கட்டிய தொகை மூன்றும் அங்கே தெரியும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு முகவர் டி.சி.எஸ். என்ற முன்கூட்டி வசூலிக்கும் வரியைப் பிடிப்பார்; அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடியது, சான்றை வாங்கி வைக்க வேண்டும்.

பணம் கட்டும் விதத்திலும் ஒரு கவனம் தேவை. 2019இல் மும்பையில் ஆரவாரமாகத் தொடங்கிய ஜலேஷ் நிறுவனம் 2020இலேயே மூடப்பட்டு, அதன் 'கர்ணிகா' கப்பல் ஆலங்குக்கு உடைக்கப் போனது. ஸ்டார் குரூஸஸை நடத்திய கென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் நீதிமன்றத்தில் கலைப்பு மனு போட்டது. இரண்டுக்கும் கொரோனா ஒரு காரணம்தான். ஆனாலும் இந்தத் தொழில் எவ்வளவு வேகமாகக் கவிழும் என்பதற்கு இவை சான்று. ஒரு வருடத்துக்கு முன்பே முழுப் பணத்தைக் கட்டுவதில் அர்த்தமில்லை. முன்பணம் கட்டினால் போதும். மீதியைப் பல நிறுவனங்கள் பயணத்துக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்கள் முன்புவரை கேட்கின்றன. அந்தத் தேதிக்குப் பிறகு ரத்து செய்தால் படிப்படியாகப் பிடித்தம் ஏறி, கடைசி வாரங்களில் ஒன்றும் திரும்பாது. திரும்பப் பெற முடியாத முன்பணம் என்று சலுகை விலையில் விற்பதையும் கவனித்து வாங்க வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டினால் தகராறு வரும்போது வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும்.

பயண ஒப்பந்தம் என்ற பொடி எழுத்துப் பத்திரத்தை யாரும் படிப்பதில்லை. அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: வானிலை, பாதுகாப்பு, அரசு ஆணை என எந்தக் காரணத்துக்காகவும் கப்பல் தலைவர் வழியை மாற்றலாம், துறைமுகத்தைத் தவிர்க்கலாம், கிடைப்பது பெரும்பாலும் அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டுமே. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கோர்டேலியா கப்பலுக்குப் புதுச்சேரியில் நிற்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று கரையில் எழுந்த எதிர்ப்பு அதற்குப் பின்னணி. பயணிகள் இறங்காமலே கப்பல் போயிற்று. ஊருக்காகப் போகாதீர்கள் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆவணங்களில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, இனிஷியல். பதிவுப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருக்கும். ஆளாளுக்கு அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ போட்டு நிரப்பிவிடுகிறார்கள். விமான டிக்கெட், விசா, கப்பல் டிக்கெட் மூன்றிலும் பெயர் பாஸ்போர்ட்டை ஒட்டி ஒரே மாதிரி இருக்க வேண்டும். காலிக் கட்டத்தில் என்ன போடுவது என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதே பத்திரம். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்ல வேண்டும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மீண்டும் சிங்கப்பூருக்கே வருவது இரண்டாம் நுழைவு. ஆகவே விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பார்க்க வேண்டும். நடுவில் வரும் நாடுகளின் விதி கப்பலை விட்டு இறங்காதவருக்கும் பொருந்தும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை விசா இல்லாமல் விடுகிறது, ஆனாலும் இணையத்தில் வருகை அட்டை நிரப்பியாக வேண்டும். இந்தச் சலுகைகள் நீட்டிப்பில் ஓடுபவை. பதிவு செய்யும்போது ஒரு முறையும் கிளம்பும் முன் ஒரு முறையும் அரசுத் தளத்திலேயே பார்ப்பது நல்லது. கப்பல் கிளம்பும் நாளன்றே விமானத்தில் போய் இறங்குவதும் வேண்டாம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கப்பல் மருத்துவரின் கட்டணம் கையைச் சுடும், நம் ஊர்க் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது. அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் சேர்த்த பயணக் காப்பீடு இல்லாமல் அறுபது தாண்டியவர்கள் ஏறவே கூடாது. கர்ப்பம் 24ஆம் வாரத்தைத் தொட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும் அப்படித்தான். குமட்டல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் பயன் குறைவு. மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே போட வேண்டும். கப்பலில் பரவும் நோரோ வைரஸ் வயிற்றுப்போக்குக்கு ஆல்கஹால் திரவம் போதாது. சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் வழி. ஏறிய அன்று நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையருகே 'கோஸ்டா கான்கார்டியா' சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்றைக்கு ஏறியவர்களுக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ அதை நடத்தியாக வேண்டும் என்ற சர்வதேச விதி அதன் பிறகுதான் 2015இல் அமலுக்கு வந்தது.

சாப்பாட்டுக் கவலை இப்போது பெரிதாக இல்லை. சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்தியப் பயணிகள் கணிசம், சைவமும் ஜெயின் உணவும் கிடைக்கும். ஆனால் அது பொதுவாக வட இந்தியச் சாப்பாடு. மூன்றாம் நாள் ரசத்துக்கு ஏங்குவதைத் தவிர்க்க முடியாது. குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். பாக்கெட்டில் அடைத்த முறுக்கு போகும். வீட்டில் கட்டிய புளியோதரை போகாது. பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறைக்கு அனுப்புவார்கள் என்பதால் மாத்திரை, பாஸ்போர்ட், மாற்றுத் துணி கைப்பையில் இருக்கட்டும். செல்போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட வேண்டும். நடுக்கடலில் தானாகப் பற்றிக்கொள்ளும் செயற்கைக்கோள் இணைப்பின் பில் கப்பல் பில்லைத் தாண்டிவிடும்.

கடலுக்கு இது நல்லதா என்று இளையவர்கள் கேட்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். ஓடும் ஹோட்டலுக்கு எரியும் எண்ணெய் ஓடாத ஹோட்டலுக்கு எரிவதில்லை. வெனிஸ் 2021இல் பெரிய கப்பல்களை நகரின் முகப்புக் கால்வாயிலிருந்து விலக்கியது. அலாஸ்காவின் ஜூனோ 2024 முதல் நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு வைத்தது. ஒரே நாளில் பல்லாயிரம் பேர் இறங்கி, ஒரு காபிகூட வாங்காமல் ஏறிப்போகும் சுற்றுலா அந்த ஊர்களுக்குச் சலித்துவிட்டது. இந்தக் கணக்கில் உறுத்தல் உள்ளவர்கள் போகாமலிருப்பதை நான் மதிக்கிறேன். போகிறவர்கள் இறங்கும் ஊரில் ஒரு வேளையாவது கரையில் சாப்பிடலாம், கப்பலின் சுற்றுலாப் பேருந்துக்குப் பதில் உள்ளூர் வண்டி பிடிக்கலாம். பினாங்கு மாதிரி துறையிலேயே ஊர் இருக்கும் இடத்தில் அது சுலபம். போர்ட் கிளாங் மாதிரி தூரம் அதிகமுள்ள இடத்தில் கப்பல் ஏற்பாடு செய்யும் பேருந்தே மேல். அது தாமதமானால் மட்டும்தான் கப்பல் நமக்காக நிற்கும்.

பயணத்தின் நடுவிலேயே ஒரு மேஜை போட்டு, அடுத்த குரூஸுக்கு இப்போதே முன்பணம் கட்டினால் சலுகை என்று கூப்பிடுவார்கள். சலுகை உண்மையாகவே இருக்கும். கடைசி ராத்திரி அறையில் வைக்கும் அல்லது செயலியில் வரும் மொத்தக் கணக்கைப் பார்க்காமல் அந்த மேஜைக்குப் போக வேண்டாம். அதில் வாங்காத குளிர்பானம், எடுக்காத படம் ஏதாவது ஏறியிருந்தால் இறங்குவதற்கு முன் கவுன்டரில் சொன்னால் நீக்கிவிடுவார்கள். வீடு வந்த பிறகு மின்னஞ்சலில் நீக்க வைப்பது பெரும்பாடு. காலையில் அந்தக் கவுன்டரில் கூட்டம் நெரியும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.